டிரலீயில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. டென்னி தெரு நடுவில் ஈட்டியோடு நிற்கும் அந்த மனிதர் யார், எந்தப் போரில் வென்றவர் என்று கேட்டிருக்கிறாய். அவர் எந்தப் போரிலும் வென்றவர் அல்ல, அம்மா. ஒரு தனி மனிதரும் அல்ல. 1798, 1803, 1848, 1867 என்று நான்கு முறை அயர்லாந்து மக்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். நான்கு முறையும் தோற்றார்கள். அந்த நான்கு எழுச்சிகளையும் நினைத்து எழுப்பியதுதான் நீ பார்த்த சிலை. ஊரில் அதற்கு 'பைக்மேன்' (ஈட்டிக்காரர்) என்று பெயர்.

அடுத்த முறை அந்த ஈட்டியைக் கிட்டப் போய்ப் பார். 1798-ல் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். துப்பாக்கி கிடைப்பது அரிது. ஊர்க் கொல்லர்கள் ரகசியமாக இரும்பு முனை அடித்துக் கொடுத்தார்கள். அதை நீண்ட கழியில் செருகிக்கொண்டு புறப்பட்டார்கள். அந்தக் காலத்து ஈட்டிகள் பலவற்றில் முனையை ஒட்டி ஒரு கொக்கியும் இருக்கும். குதிரைவீரன் நெருங்கி வரும்போது கடிவாள வாரை அறுப்பதற்காக அது. பீரங்கி வைத்திருந்த ஒரு பேரரசை இந்தக் கழிகளோடு எதிர்த்து நின்று, வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் மூன்று வாரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். ஜூன் 21-ல் வினிகர் ஹில் குன்றில் முறியடிக்கப்பட்டார்கள்.

நினைவுச்சின்னத்தின் முன்னால் நிற்கும்போது அது யாருக்காக என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதே. எப்போது வைத்தார்கள், இடையில் அதற்கு என்ன நேர்ந்தது என்றும் கேள். நீ பார்த்தது இரண்டாவது சிலை. முதல் சிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கப்பட்டது. அதை, அயர்லாந்து விடுதலைப் போர் நடந்த 1921-ல், 'பிளாக் அண்ட் டான்ஸ்' படையினர் உடைத்துப் போட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைத் திரட்டி, அயர்லாந்துப் போலீஸுக்குத் துணையாக அனுப்பிய படை அது. 1920 நவம்பர் தொடக்கத்தில், விடுதலைப் படையினர் இரண்டு போலீஸ்காரர்களைப் பிடித்துக் கொன்றதற்குப் பழிவாங்க, டிரலீ ஊரையே முடக்கி, கடைகளைத் திறக்கவிடாமல் மக்களைப் பட்டினி போட்டதும் அவர்கள்தான். ஆயுதம் ஏந்திய படை ஒரு கற்சிலையைக் கண்டு ஏன் ஆத்திரப்பட வேண்டும்? தோற்றுப்போன நான்கு எழுச்சிகளை அந்த ஊர் மறக்கவில்லை என்பதுதான் அவர்களை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆல்பர்ட் பவர் செதுக்கிய இப்போதைய சிலை 1939-ல் அதே தெருவுக்கு வந்தது.

தெருக்கோடியில் இருக்கும் பெரிய கட்டடம் தாமஸ் ஆஷ் நினைவு மண்டபம். ஆஷ், டிரலீ இருக்கும் இதே கெர்ரி மாவட்டத்துக்காரர், பள்ளி ஆசிரியர். 1917-ல் டப்ளின் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியதில் இறந்துபோனார். மண்டபத்துக்குள் மாவட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மழைநாளில் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறோர் இடத்தைப் பற்றி. டிரலீயிலிருந்து காஸல்ஐலண்ட் போகும் சாலையில் சில கிலோமீட்டர் போனால் பாலிசீடி என்ற இடத்தில் ஒரு வெண்கலச் சிலைத் தொகுதி நிற்கும். யான் கூலே என்ற பிரெத்தான் (பிரான்ஸின் பிரிட்டனி பகுதி) சிற்பி வடித்தது, 1959-ல் திறக்கப்பட்டது. அதுவும் விடுதலை வீரர்களுக்கான நினைவுச்சின்னம்தான். ஆனால் அவர்களைக் கொன்றது பிரிட்டிஷ் படை அல்ல.

விடுதலைப் போரின் முடிவில், 1921 டிசம்பரில், பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிடைத்தது முழுக் குடியரசு அல்ல. மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிந்தே நிற்கும். கிடைத்ததை ஏற்போம் என்றது ஒரு சாரார். கேட்டது இதுவல்ல என்றது மறு சாரார். நாடாளுமன்றத்தில் 64-க்கு 57 என்று ஒப்பந்தம் நிறைவேறியது. ஆறு மாதத்துக்குள், ஒன்றாக நின்று போராடியவர்கள் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். கெர்ரி ஒப்பந்த எதிர்ப்பாளர்களின் கோட்டை. 1922 ஆகஸ்ட் 2 அன்று, ஒப்பந்தத்தை ஏற்ற அரசின் படை ஃபெனிட் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அந்தப் படையில் பலர் டப்ளினில் மைக்கேல் காலின்ஸின் கீழ் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடியவர்கள். தளபதி பேடி டேலியும் அப்படித்தான்.

1923 மார்ச் 6 அன்று நாக்நகோஷல் என்ற ஊரில், எதிர்ப்பாளர்கள் பொய்த் தகவல் கொடுத்து வரவழைத்து வைத்த கண்ணிவெடியில் அரசுப் படையினர் ஐந்து பேர் உடல் சிதறி இறந்தார்கள். மறுநாள் விடிவதற்கு முன் டிரலீ பாலிமுல்லன் படைமுகாமிலிருந்து ஒன்பது கைதிகளை லாரியில் ஏற்றி பாலிசீடிக்குக் கொண்டுபோனார்கள். கை கால்களைக் கட்டி, ஒருவரோடு ஒருவரைப் பிணைத்து, கண்ணிவெடியைச் சுற்றி நிறுத்தி, அதை வெடிக்கவைத்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். ஸ்டீஃபன் ஃபுல்லர் என்ற இளைஞர் மட்டும் வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, கட்டு அறுந்து, இருட்டில் தப்பிவிட்டார். கொன்றவர்களுக்கு அது தெரியவில்லை. ஒன்பது பேரும் முடிந்தார்கள் என்று நினைத்து, கிடைத்த சதையை ஒன்பது சவப்பெட்டிகளில் பிரித்துப் போட்டார்கள். முகாம் வாசலில் பெட்டிகளை வாங்கிய உறவினர்கள் அங்கேயே உடைத்துத் திறந்து பார்த்தார்கள்.

எதிரிகள் வைத்த வெடியை அகற்றும்போது விபத்து நேர்ந்தது என்று அரசு சொன்னது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதே டேலி. அரசுப் படையிலேயே அதிகாரியாக இருந்த நயல் ஹாரிங்டன் பின்னாளில் எழுதினார்: வெடியைத் தயாரித்தது அரசுப் படைதான் என்று. ஃபுல்லர் 1937 முதல் 1943 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஆனால் அன்று நடந்ததைப் பொதுவெளியில் விரிவாகச் சொன்னது 1980-ல், ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய எண்பது.

பைக்மேன் சிலை முன்னால் யார் பக்கம் நிற்பது என்பதில் குழப்பமே இல்லை. பாலிசீடியில் அது அவ்வளவு எளிதல்ல. என் கருத்தைக் கேட்டால், அங்கே நடந்தது கொலை. முந்தைய நாள் இறந்த ஐந்து பேரைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. அதே சமயம், அந்த ஐந்து பேரும் அயர்லாந்துத் தாய்மாரின் பிள்ளைகள்தான். அவர்களுக்கு அந்த வெண்கலத்தில் இடமில்லை. ஒரு தரப்பார் தம்மவருக்கு எழுப்பும் சின்னத்தில் மறுதரப்பின் சாவு இருக்காது; எந்த நாட்டிலும் அப்படித்தான். ஆகவே கல்லில் இருப்பதை முழுதாகப் படி. பிறகு அதில் விடுபட்டது எது என்று தேடிப் போ.

அங்கே போகும்போது கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துத் திரும்பாதே. இறந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். உன் வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளை யாராவது இருந்தால், வீட்டில் இதைப் பற்றிப் பேசுவார்களா என்று பணிவாகக் கேட்டுப் பார். சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே. பல வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு இந்தப் பேச்சே எடுக்கவில்லை.

பாலிசீடியோடு நின்றுவிடாமல், இன்னொரு நாள் நாக்நகோஷலுக்கும் போய் வா. இரண்டு ஊரையும் பார்த்தபின் உனக்கு என்ன தோன்றியது என்று விரிவாக எழுது.

அன்புடன்,
சித்தப்பா