நிறத்துக்கு முன்னால் நூல்

குரோஷே போர்வை போட ஆசைப்படுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் நூலையெல்லாம் எடுங்கள், எத்தனை நிறமோ அத்தனை அழகு என்பதுதான். நூல் கடையிலும் அதையே சொல்லி, பருத்தியில் நாலு பந்து, அக்ரிலிக்கில் ஆறு பந்து என்று கலந்து கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். என் முதல் போர்வையைக் கெடுத்தது இந்த யோசனை. சங்கிலி, டபுள் குரோஷே, மூலை திருப்புவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். பிரிட்டிஷ் முறைக் குறிப்பில் அதே டபுளுக்கு ட்ரெபிள் என்று பெயர், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி பிடிக்கத் தெரியாமல் போர்வை கெடுவதில்லை. நிறத்தைப் பார்த்து நூல் வாங்கும்போதே அது கெட்டுவிடுகிறது.

அக்ரிலிக் செயற்கை இழை. எடை குறைவு, தண்ணீரில் நனைத்தாலும் சுருங்காது. பருத்தி கனம், இழுத்தால் கொடுக்காது, முதல் சலவையில் சுருங்கும். 5 அங்குலக் கட்டமாக அகலத்துக்கு 10, நீளத்துக்கு 12 வைத்தால் 120 கட்டத்தில் 50க்கு 60 அங்குலப் போர்வை கிடைக்கும். துவைத்ததும் பருத்திக் கட்டம் கால் அங்குலம் சுருங்குகிறது என்று வையுங்கள். பத்தும் பருத்தியாக உள்ள வரிசை இரண்டரை அங்குலம் குறுகிவிடும், பக்கத்து அக்ரிலிக் வரிசை அசையாமல் நிற்கும், போர்வை அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியால் சமன் செய்யப் போனால் சூடு பட்ட அக்ரிலிக் தொய்ந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்பாது. பிரித்துப் போடலாமா? கட்டத்துக்கு ஐந்து நிறம் என்றால் பத்து நூல்முனை, 120 கட்டத்துக்கு 1,200 முனை. அத்தனையையும் உள்ளே செருகி மறைத்த பிறகு பிரிப்பது, போட்டதைவிடப் பெரிய வேலை. மற்ற தவறுகள் பின்னும்போதே கண்ணில் படும். இது மட்டும் எல்லாம் முடிந்து, வாளியில் நனைத்து எடுத்த பிறகுதான் தெரியும்.

இப்படிக் கட்டம் கட்டமாகப் பின்னும் கிரானி ஸ்கொயர் பிறந்ததே மிச்ச நூலில்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். 1885இல் அமெரிக்காவின் 'ப்ரெய்ரி ஃபார்மர்' இதழிலேயே அது அச்சாகிவிட்டது. ஆனால் அன்றைய வீடுகளில் மிச்ச நூல் என்றால் பெரும்பாலும் கம்பளி நூல். கம்பளியோடு கம்பளி சேர்ந்தது. டூபாண்ட் நிறுவனத்தின் அக்ரிலிக் இழை 1941இல் உருவாகி, 1950இல்தான் ஆலை உற்பத்திக்கே வந்தது. பாட்டிமார் செய்ததைத்தான் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் கண்ணால் பார்க்காத கலவையைச் செய்துகொண்டிருக்கிறோம். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்களே, அத்தனை பேர் கை கலக்கவில்லையா என்பது இன்னொரு கேள்வி. கை வேறானால் அளவை முன்கூட்டியே பேசிவைத்துச் சரிக்கட்டலாம். இழை வேறானால், அளந்து இணைத்த பிறகும் அது தன் போக்கில் சுருங்கும்.

ஒரே இழை என்றால் நிறம் குறையுமே என்ற கவலைக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். ஆறு நிறத்தை இடம் மாற்றி மாற்றி வைத்தாலே கண் நிறையும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியே போதும். வாங்கும்போது லேபிளில் சாய லாட் எண் ஒன்றா என்று பார்த்து, தேவைக்கு ஒரு பந்து கூடவே வாங்குங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கட்டம் போட்டு அளந்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்த பிறகு இரண்டாவது கட்டத்தைத் தொடங்குங்கள். கடும் சிவப்பையும் நீலத்தையும் வெள்ளைத் துணியோடு ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் இந்தப் போர்வைக்கு வேண்டாம். முடிந்த போர்வையைக் கொடியில் தொங்கவிடக் கூடாது, ஈரக் கனத்திலேயே நீண்டுவிடும். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் படுக்கப்போட்டு உலர்த்துங்கள்.