பூனைகளின் எஃப்.ஐ.பி. நோய்: முக்கியக் குறிப்புகள்

கால்நடை மருத்துவத் தேர்வுக்குப் பழைய பாடநூலை மட்டும் நம்பிப் படிப்பவர்கள் தவறான விடையைக் குறித்துவிடக்கூடிய பகுதி இது. எஃப்.ஐ.பி. வந்த பூனை பிழைக்காது என்றுதான் அந்த நூல்களில் இருக்கும். 2019-க்குப் பிறகு அது செல்லாது.

• முழுப்பெயர்: ஃபீலைன் இன்ஃபெக்ஷியஸ் பெரிட்டோனைட்டிஸ். 1963-ல் முதன்முதலாக விவரித்தவர் ஜீன் ஹோல்ஸ்வொர்த். இடம் அமெரிக்காவின் பாஸ்டன்.

• காரணி: பூனைக் கொரோனா வைரஸ். இது ஆல்ஃபா வகை. கோவிட்-19 வைரஸ் பீட்டா வகை.

• பூனைகள் கூட்டமாக வாழும் இடங்களில் இந்த வைரஸ் பல பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும். லேசான வயிற்றுப்போக்கு வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். மிகச் சிலவற்றில் மட்டும் வைரஸ் உடலுக்குள்ளேயே மரபணு மாற்றம் அடைந்து, மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் பெருகுகிறது. அப்போதுதான் எஃப்.ஐ.பி. ஆகவே இரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் 'கொரோனா வைரஸைச் சந்தித்த பூனை' என்று மட்டுமே பொருள். அந்த ஒரு முடிவை வைத்து ஒரு பூனையைக் கருணைக்கொலைக்கு அனுப்புவது பெரும் பிழை.

• பெரும்பாலும் தாக்கப்படுவது 2 வயதுக்கு உட்பட்ட பூனைகள். ஈர வகை: வயிற்றிலோ மார்பிலோ நீர் கோக்கும். உலர் வகை: சிறுநீரகம், கல்லீரல், கண், மூளை ஆகியவற்றில் அழற்சிக் கட்டிகள்.

• ரிவால்டா சோதனை: சோதனைக் குழாயில் சுமார் 8 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு அடர் அசிட்டிக் அமிலம். கலக்கியபின், பூனையின் வயிற்றிலிருந்து எடுத்த வைக்கோல் நிறப் பிசுபிசுப்பு நீரில் ஒரு சொட்டை மேலே மெதுவாக விட வேண்டும். சொட்டு கரைந்து நீர் தெளிவாக இருந்தால் நெகட்டிவ். வடிவம் கலையாமல் ஜெல்லி மீனைப்போல மிதந்தாலோ மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். நெகட்டிவ் என்றால் எஃப்.ஐ.பி.க்கு வாய்ப்பு மிகக் குறைவு. பாசிட்டிவ் மட்டும் போதாது. பாக்டீரியா அழற்சியிலும் லிம்போமாவிலும் அப்படி வரலாம்.

• ஆல்புமின்–குளோபுலின் விகிதம்: 0.4-க்குக் கீழ் என்றால் சந்தேகம் வலுக்கும்; 0.8-க்கு மேல் என்றால் இந்த நோயாக இருப்பது அரிது.

• மருந்து: ஜிஎஸ்-441524. அடினோசினைப் போன்ற அமைப்பு கொண்டது. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போது இது இடையில் புகுந்து சங்கிலியை நிறுத்திவிடும். ரெம்டெசிவிர் இதன் முன்மருந்து. உடலுக்குள் சென்றதும் ஜிஎஸ்-441524 ஆக மாறும். இரண்டும் கிலியட் நிறுவனத்தின் கண்டுபிடிப்புகள்.

• திருப்புமுனை ஆய்வு: 2019, நீல்ஸ் பீடர்சன் குழு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ். இயற்கையாக நோயுற்ற 31 பூனைகள். தோலுக்கடியில் தினமும் ஊசி, குறைந்தது 12 வாரம். ஐந்து பூனைகள் தொடக்கத்திலேயே இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. மீதி 26-ல் எட்டுக்கு நோய் திரும்பியது. கிலோவுக்கு 2 மி.கி. என்ற அளவை 4 மி.கி. ஆக்கி மறுபடி சிகிச்சை தந்தபோது அவற்றில் பெரும்பாலானவை மீண்டன. கடைசியில் நீண்டகாலம் பிழைத்தவை 25. அதுவரை கைவிடப்பட்டிருந்த நோயில் கிடைத்த எண் இது. (எஃப்.ஐ.வி. எனும் பூனை எதிர்ப்பாற்றல் குறைப்பு வைரஸை 1986-ல் கண்டறிந்ததிலும் பீடர்சனுக்குப் பங்குண்டு. எஃப்.ஐ.வி., எஃப்.ஐ.பி. இரண்டும் வேறு.)

• ஆய்வு வெளிவந்தும் மருந்துக்கு விலங்குகளுக்கான உரிமம் கிடைக்கவில்லை. பூனை வளர்ப்போர் இணையம் வழியே கள்ளச் சந்தைக் குப்பிகளை வாங்கி, வீட்டிலேயே 84 நாள் ஊசி போட்டார்கள். கரைசலின் அமிலத்தன்மையால் குத்திய இடம் எரியும், புண்ணாகும். இத்தனையையும் தாங்கித் தங்கள் பூனைகளைக் காப்பாற்றியவர்களின் உறுதிக்கு இந்தச் சிகிச்சை வரலாற்றில் இடமுண்டு.

• சட்டப்படி கிடைத்தது: பிரிட்டனில் 2021, அமெரிக்காவில் 2024 (மருத்துவர் சீட்டின்பேரில் தயாரித்துத் தரும் வாய்வழி மருந்தாக). சட்டப்படி பெற்ற மருந்தால் சிகிச்சை பெற்ற 307 பூனைகளைப் பற்றிய பின்னோக்கு ஆய்வில், முதற்கட்டச் சிகிச்சையின் முடிவில் 88.6% உயிரோடிருந்தன.

• 84 நாளா, 42 நாளா? 2024-ல் மியூனிக் குழு வெளியிட்ட ஆய்வு: ஈர வகை நோயுள்ள 40 பூனைகள், கிலோவுக்கு 15 மி.கி. வாய்வழி மருந்து. 38 குணமடைந்தன. 42 நாள் சிகிச்சை 84 நாளுக்கு ஈடாகவே பலன் தந்தது. பாதிச் செலவு என்பதால் வளர்ப்போருக்கு இது மிகப் பெரிய செய்தி. ஆனால் கண், மூளை பாதித்த நிலைகளுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. அவற்றுக்கு அதிக அளவு மருந்து தேவை.

• சைப்ரஸ், 2023: நாய்க் கொரோனா வைரஸின் பகுதி கலந்த புதுத் திரிபு, எஃப்கோவ்-23. வழக்கமான எஃப்.ஐ.பி. போலன்றிப் பூனைக்குப் பூனை நேரடியாகப் பரவியது. மனிதர்களுக்கென வைத்திருந்த கோவிட் மருந்துக் கையிருப்பைப் பூனைகளுக்குத் தர அந்நாட்டு அரசு அனுமதித்தது.

• தடுப்பூசி: மூக்கு வழியே தரும் ஒன்று உண்டு, 16 வார வயதில். கூட்டமாக வளரும் குட்டிகளுக்கு அதற்குள் வைரஸ் தொற்றியிருக்கும் என்பதால் பயன் குறைவு.