மீதி எவ்வளவு? – ஒளிமின் விளைவைக் கணக்கோடு கற்பித்தல்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில், கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு என்ற அலகில் ஒளிமின் விளைவு இடம்பெறுகிறது. திருவண்ணாமலையில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் இப்பாடத்தை நடத்தும்போது நான் காண்பது இதுதான்: சமன்பாட்டில் எண்களைப் பிரதியிட்டு விடை எழுத மாணவர்கள் விரைவில் பழகிவிடுகிறார்கள். ஆனால், “ஒளியின் செறிவை இருமடங்காக்கினால் வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றல் என்னவாகும்?” என்று கேட்டால், “அதுவும் இருமடங்காகும்” என்ற விடையே முதலில் வருகிறது. இந்தக் கருத்து அப்படியே நின்றுவிட்டால், பின்னால் வரும் குவாண்டம் கருத்துகள் எல்லாம் வெறும் மனப்பாடமாகிவிடும். அதனால் கணக்கைத் தொடங்கும் முன் பின்வரும் செயல்பாட்டைச் செய்கிறேன்.

செயல்பாடு: ஒருவருக்கு ஒரு நாணயம்

காகிதத்தில் 2 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். வகுப்பறை வாசலில் ஒரு மாணவர் நடத்துநராக நிற்கட்டும். கட்டணம் 5 ரூபாய். ஒருவர் ஒரே ஒரு நாணயம்தான் தரலாம். பலருடையதைச் சேர்த்துத் தரக்கூடாது.

முதலில் எல்லோருக்கும் 2 ரூபாய் நாணயம் கொடுங்கள். எத்தனை பேர் வந்தாலும் ஒருவரும் வெளியே போக முடியாது. அடுத்து ஐந்து பேருக்கு மட்டும் 10 ரூபாய் கொடுங்கள். ஐவரும் வெளியேறுவர், ஒவ்வொருவர் கையிலும் மீதி 5 ரூபாய். பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்துப் பேர் வெளியேறுவர். அப்போதும் ஒருவர் கையில் மீதி அதே 5 ரூபாய்தான்.

இப்போது பெயர்களை மாற்றுவோம். நாணயம் – ஃபோட்டான். அதன் மதிப்பு – ஃபோட்டானின் ஆற்றல். கட்டணம் – உலோகத்தின் வெளியேற்று ஆற்றல். மீதி – எலக்ட்ரானின் இயக்க ஆற்றல். நாணயங்களின் எண்ணிக்கை – ஒளியின் செறிவு. 1905இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கத்தின் சாரம் இதுவே. உலோகத்தின் உட்பகுதியிலிருந்து வரும் எலக்ட்ரான் வழியில் கொஞ்சம் ஆற்றலை இழக்கும். அதனால்தான் சமன்பாடு தருவதைப் ‘பெரும’ இயக்க ஆற்றல் என்கிறோம்.

கணக்கு

ஃபோட்டானின் ஆற்றல் = வெளியேற்று ஆற்றல் + பெரும இயக்க ஆற்றல்.

அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்துக்கொண்டு 1240ஐ அதனால் வகுத்தால், ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி அலகு மாற்றினால் இந்த எண் வரும். ஒருமுறை கரும்பலகையில் வருவித்துக் காட்டிவிடுங்கள்.

சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.14 எலக்ட்ரான் வோல்ட். அதன்மீது 400 நானோமீட்டர் ஊதா ஒளி விழுகிறது.

ஃபோட்டானின் ஆற்றல்: 1240 ÷ 400 = 3.10 எலக்ட்ரான் வோல்ட்.
மீதி: 3.10 – 2.14 = 0.96 எலக்ட்ரான் வோல்ட்.
நிறுத்து மின்னழுத்தம்: 0.96 வோல்ட்.
ஜூலில்: 0.96 × 1.6 × 10⁻¹⁹ = 1.54 × 10⁻¹⁹ ஜூல்.
பெரும வேகம்: ஏறத்தாழ வினாடிக்கு 5.8 × 10⁵ மீட்டர்.

இந்த ஒளியின் திறன் 1 மில்லிவாட் என்றால், வினாடிக்குச் சுமார் 2 × 10¹⁵ ஃபோட்டான்கள் விழுகின்றன. 2 மில்லிவாட் ஆக்கினால் 4 × 10¹⁵. ஒளிமின்னோட்டம் இருமடங்காகும், 0.96 மாறாது.

நம் ஊர்க் கேள்வி

2668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரிகிறது. அச்சுடரின் கட்புலனாகும் ஒளியை மட்டும் குவித்து ஒரு துத்தநாகத் தகட்டில் விழச் செய்தால் எலக்ட்ரான் வெளிவருமா? துத்தநாகத்தின் கட்டணம் 4.31 எலக்ட்ரான் வோல்ட். கட்புலனாகும் ஒளியில் ஊதா முனையின் ஃபோட்டானிடமே 3.1தான் இருக்கிறது. எவ்வளவு குவித்தாலும் வராது. 254 நானோமீட்டர் தரும் சிறிய புறஊதா விளக்கின் ஃபோட்டானுக்கோ 4.88 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. மீதி 0.57.

தங்க இலை நிலைமின்காட்டியின் மேல், நன்கு தேய்த்த துத்தநாகத் தகட்டை வைத்து எதிர்மின்னூட்டம் அளித்தால் இதைக் காட்டலாம். புறஊதா ஒளி பட்டால் இலைகள் ஒடுங்கும். இடையே சாதாரணக் கண்ணாடித் தகட்டைப் பிடித்தால் ஒடுங்குவது நிற்கும். இந்த விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு தரும். ஆசிரியரே இயக்க வேண்டும். யாரும் நேரே பார்க்கக் கூடாது.

காவலூரில் எண்ணப்பட்ட எலக்ட்ரான்கள்

சவ்வாது மலையிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அதே மலைத்தொடரில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வை, அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமின் ஒளிமானியைப் பொருத்திப் பதிவுசெய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று நேரம் மங்கியது. அது புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. பிற நாட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உறுதியானது.

இதை வகுப்பில் வினாவாக்குங்கள். விண்மீன் மங்கியபோது கருவியில் குறைந்தது எது? ஒவ்வோர் எலக்ட்ரானின் ஆற்றலா, எலக்ட்ரான்களின் எண்ணிக்கையா? ஒளியின் நிறம் மாறவில்லை; ஃபோட்டான்கள்தாம் குறைந்தன. ஆகவே எண்ணிக்கை குறைந்து மின்னோட்டம் சரிந்தது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி சீசியத்திலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றுமா? (1.91 எலக்ட்ரான் வோல்ட், வெளியேற்றாது)
2. சீசியம், துத்தநாகம் இவற்றின் பயன்தொடக்க அலைநீளம் என்ன? (சுமார் 579, 288 நானோமீட்டர்)
3. சோதனையில் ஒளிமூலத்தைத் தகட்டிலிருந்து தள்ளி வைத்தால் நிறுத்து மின்னழுத்தம் மாறுமா? காரணம் கூறு.

மூன்றாம் வினாவுக்கு எண் தேவையில்லை. காரணத்தைத் தம் சொற்களில் எழுதும் மாணவருக்கே முழு மதிப்பெண் அளியுங்கள். விடை தவறினால் சமன்பாட்டை மீண்டும் எழுதச் சொல்ல வேண்டாம்; காகித நாணயங்களை மறுபடி கையில் கொடுங்கள்.