முதலில் நாடி, பிறகு பிரஷர்: பெருந்தமனிக் கிழிசலில் இளம் மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"முதுகைக் கிழிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது டாக்டர்." பிரஷர் 190/100, நாடி 110. சி.டி.யில் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே வழி பிடித்திருக்கிறது. உங்கள் கை நேராகப் பிரஷர் மருந்துக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

நாடிக்கு ஏன் முதலிடம்?

கிழிசலை நீட்டுவது அழுத்தம் மட்டுமல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் சுவரில் மோதும் வேகமும்தான். வெறுமனே ரத்தக்குழாயை விரித்தால், இதயம் ஈடுகட்டப் பார்த்து இன்னும் வேகமாக அடிக்கும். அந்த மோதலைத் தணிக்கும் மருந்துச் சிகிச்சையை 1965-இல் மைரன் வீட் குழுவினர் முன்வைத்தார்கள். இன்றும் அடிப்படை அதுதான்.

படி 1: வலியும் இரண்டு கைகளும்

ஃபென்டனில் அல்லது மார்ஃபின் கொடுங்கள். வலி குறைந்தாலே நாடி கொஞ்சம் இறங்கும். இரண்டு கைகளிலும் பிரஷர் பாருங்கள். எதில் அதிகமோ அந்தக் கணக்கை நம்புங்கள், ஆர்ட்டீரியல் லைனும் அந்தக் கையில்தான்.

படி 2: எஸ்மலால்

இதன் அரை ஆயுள் சுமார் 9 நிமிடம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தினால் போதும், மருந்தின் விளைவு சீக்கிரம் அடங்கிவிடும். புதியவர்களுக்கு இது பெரிய வசதி. முதல் டோஸ் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம், ஒரு நிமிடத்தில். 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி. மி.லி.க்கு 10 மி.கி. உள்ள மருந்தென்றால் 3 மி.லி. அடுத்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம்: பம்பில் மணிக்கு 18 மி.லி. வயலின் செறிவைப் படிக்காமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

எஸ்மலால் இல்லையா? லபெட்டலால் 20 மி.கி., 2 நிமிடத்தில் மெதுவாக. அது பிரஷரையும் சேர்த்தே இறக்கும். கடும் ஆஸ்துமாக்காரருக்கு டில்டியாசெம்.

படி 3: இலக்கு

நாடி 60-ஐ ஒட்டி வரட்டும். அதன் பிறகும் மேல் அழுத்தம் 120-க்கு மேல் நின்றால் மட்டுமே நைட்ரோபுருசைடோ நிகார்டிபினோ. நினைவு மங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

பிரஷர் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கலாம், எக்கோ பாருங்கள். பெருந்தமனி வால்வு கடுமையாகக் கசிந்தால் அந்த வேகத் துடிப்புதான் அவரைத் தாங்குகிறது. சீனியரைக் கேட்காமல் அடக்காதீர்கள். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டால் ஆபத்து.

ஏறு பெருந்தமனி கிழிந்திருந்தால் இத்தனையும் நேரம் வாங்கத்தான். பம்ப் ஓடத் தொடங்கும்வரை காத்திருக்காமல், சி.டி. பார்த்த உடனேயே இதய அறுவை சிகிச்சைக் குழுவுக்குப் போன் போட்டுவிடுங்கள்.