நின்றுபோன செல்

அரிமளத்தில் பஸ் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் தாத்தாவைப் பார்த்திருப்பீர்கள். “எலும்பு தேய்ந்துவிட்டது” என்பார். தேய்மானம் மட்டுமா காரணம்?

மனிதச் செல்களைக் குடுவையில் வளர்த்த ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும், அவை ஏறத்தாழ 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுவதை 1961இல் அறிவித்தனர். பழுதுபட்ட செல்லும் இப்படி நிற்பதுண்டு. நல்லதுதான், அது பிரிந்துகொண்டே போனால் புற்றுநோய் அல்லவா!

ஆனால் நின்ற செல் சும்மா இருப்பதில்லை. இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களைக் கசியவிடுகிறது. காயம் பட்டால் வீக்கத்தை உண்டாக்கும் அதே சமிக்ஞைகள்தாம் இவை. காயத்தில் சில நாள் இருந்தால் நன்மை. மூட்டில் ஆண்டுக்கணக்கில் கசிந்தால், குருத்தெலும்பு அரிபட அதுவும் காரணமாகிறது.

இத்தகைய செல்களை நீக்கியதும் சுண்டெலிகளின் மூட்டுநோய் தணிந்ததாக 2017இல் செய்தி வந்தது. மனித முழங்காலில் நடந்த ஒரு சோதனையிலோ, மருந்தில்லா ஊசியைவிட மருந்தூசி வலியை அதிகம் குறைக்கவில்லை என்று 2020இல் தெரிந்தது. சுண்டெலி வேறு, தாத்தா வேறு!