ஆவிக்கதை எழுதிய நூலகர்

பேய்க்கதை என்றதும் சிரித்துவிடாதீர்கள். முதலில் நாங்களும் சிரித்தவர்கள்தாம்.

சென்ற சூன் திங்களில், பள்ளி திறந்த இரண்டாம் வாரம், எங்கள் நூலகத்திற்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. நியூசிலாந்து நாட்டுக் கிறைஸ்ட்சர்ச் நகரில் செவிலியராகப் பணிபுரியும் நம் பழைய மாணவி ஒருவர் அன்போடு அனுப்பியது. பெட்டியைப் பிரித்து, புத்தகங்களுக்கு எண் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றும் வேலை பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் ஐவருக்குக் கிடைத்தது. இருந்தவற்றுள் இரண்டின் மேல் ஒரே பெயர் இருந்தது: மார்கரெட் மாஹி. புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட மாஹி ஊர்க்காரராக இருப்பாரோ என்று எங்களுள் ஒருத்தி கேட்க, மற்ற நால்வரும் அதை ஒரு நாள் முழுதும் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் பிறந்தது நியூசிலாந்தின் வடதீவில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு புத்தகம் 'தி ஹாண்டிங்'. மற்றது 'தி சேஞ்ச்ஓவர்'. முன்னதை 'ஆவியின் தொடர்ச்சி' என்றும், பின்னதை 'மறுவுரு' என்றும் நாங்களே தமிழாக்கிக் கொண்டோம். தமிழாசிரியை இதைவிட நல்ல பெயர் தருவார்கள். கேட்க வெட்கமாக இருந்தது.

'தி ஹாண்டிங்' மெல்லிய புத்தகம். கைமாறிக் கைமாறி ஒரே வாரத்தில் ஐவரும் படித்துவிட்டோம். பார்னி என்னும் எட்டு வயதுச் சிறுவன் பள்ளி விட்டு வீடு திரும்புகிறான். வழியில் நீல வெல்வெட் உடை அணிந்த ஒரு சிறுவனின் உருவம் அவன் முன் தோன்றி மறைகிறது. வீட்டுக்குப் போனால், பார்னியின் பெயரையே கொண்ட பெரியவர் ஒருவர், தாய்வழித் தாத்தாவின் உடன்பிறந்தவர், இறந்துவிட்டதாகச் செய்தி காத்திருக்கிறது. அன்று முதல் பார்னியின் காதில் காலடி ஓசை கேட்கிறது. யாரோ ஒருவர் அவனை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார்.

இதுவரை எந்தப் பேய்க்கதையிலும் உள்ளதுதான். எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பார்னி இதை ஏன் தன் வீட்டில் சொல்லவில்லை? அவனைப் பெற்றபோதே அவன் தாய் இறந்துவிட்டாள். இப்போது வீட்டில் இருப்பவள் சிற்றன்னை கிளேர். அவள் நிறைமாதமாகிக்கொண்டிருக்கிறாள். தன் பயத்தைச் சொன்னால் இவளுக்கும் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறான். நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரிதான். இங்கோ அவளை இழந்துவிடக் கூடாதே என்பதுதான் கதையின் முதல் அச்சம்! இதைக் கண்டுபிடித்துச் சொன்னவளுக்கு நாங்கள் ஒரு கடலைமிட்டாய் பரிசளித்தோம்.

தாய்வழிக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு மந்திர ஆற்றல் வாய்க்கும் என்றும், அது இம்முறை பார்னிக்கே வந்திருக்கிறது என்றும் எல்லாரும் எண்ணுகிறார்கள். ஒரு தங்கை அல்லது தம்பி வாயாடியாக இருந்தால் மூத்தவளை யாரும் கவனிப்பதில்லை அல்லவா? பார்னிக்கும் டாபிதா என்று ஓர் அக்கா. நாவல் எழுதப்போவதாகச் சொல்லிக் கையில் குறிப்பேட்டுடன் ஓயாமல் பேசித் திரிபவள். எல்லாருக்கும் மூத்தவள் டிராய், பேசவே மாட்டாள். அந்த ஆற்றல் உண்மையில் இருந்தது அந்த டிராயிடம். (முடிவைச் சொல்லிவிட்டோம், பொறுத்தருள்க. தெரிந்து படித்தாலும் சுவை குறையாது.) கண்டிப்பே உருவான கொள்ளுப்பாட்டியும் ஒரு காலத்தில் அதே ஆற்றலோடு பிறந்தவர்தாம், வாழ்நாள் முழுவதும் அதை மறைத்தே தீர்த்தவர். ஒரு குடும்பம் எதைப் பேச மறுக்கிறதோ, அதுவே ஆவியாக வந்து கூடத்தில் நிற்கிறது என்று எங்களுக்குப் பட்டது.

எங்கள் ஐவரில் ஒருத்தி, ஆசிரியை பெயர் சொல்லி அழைத்தாலன்றி வாய் திறவாதவள். புத்தகத்தை மூடிவிட்டு, "டிராய் நல்லவ" என்றாள். அந்த வாரத்தில் அவள் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

இனி ஆசிரியரைப் பற்றி. மார்கரெட் மாஹி 1936இல் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தந்தை பாலங்கள் கட்டுபவர். கதை சொல்வதிலும் வல்லவர். பட்டம் பெற்று நூலகரானார் மாஹி. பகலெல்லாம் நூலக வேலை. இரண்டு பெண் மக்களைத் தனியொருவராய் வளர்த்தார். அவர்கள் உறங்கிய பிறகு இரவில் எழுதினார். அந்நாட்டில் கல்வித்துறை பள்ளிகளுக்கென்றே 1907 முதல் 'ஸ்கூல் ஜர்னல்' என்னும் இதழை வெளியிட்டு வந்தது. அவருடைய கதைகள் அதில்தான் வந்தன. அவற்றுள் ஒன்று, புல்வெளியில் சிங்கம் இருப்பதாகச் சொல்லும் சிறுவனின் கதை, ஓர் அமெரிக்கப் பதிப்பகத்தார் கண்ணில் பட்டது. 1969இல் அது தனி நூலாயிற்று. பள்ளி இதழில் எழுதியவர் உலகப் புகழ் பெற்றார் என்பதை, இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை தர மறுத்த எங்கள் வகுப்புத் தோழியர் தயவுசெய்து கவனிக்கவும்.

1980இல் நூலக வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். உடனே கை மேல் பலன். பிரிட்டனின் நூலகர்கள் சிறுவர் நூலுக்கு வழங்கும் கார்னகி பதக்கம் 1982ஆம் ஆண்டுக்கு 'தி ஹாண்டிங்' நூலுக்கும், 1984ஆம் ஆண்டுக்கு 'தி சேஞ்ச்ஓவர்' நூலுக்கும் கிடைத்தது. நூலகருக்கு நூலகர்கள் தந்த பரிசு! 2006இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும் பெற்றார். பள்ளிகளுக்குக் கதை சொல்லப் போகும்போது வானவில் நிறத்தில் பொய்முடி அணிந்து போவாராம். 2012ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் காலமானார். ஆகவே 'புதிய எழுத்தாளர்' என்று நாங்கள் சொல்வது எங்களுக்குப் புதியவர் என்ற பொருளில் மட்டுமே. 2005இல் வெளிவந்த 'டுவைலைட்' நாவலை ஒளித்து வைத்துப் படிக்கும் அக்காமாருக்கு ஒரு செய்தி: அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே 'தி சேஞ்ச்ஓவர்' நூலின் அட்டையிலேயே, இது இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒரு காதல் கதை என்று போட்டிருந்தார்கள்.

இந்த இரண்டாம் புத்தகத்தில்தான் எங்களுக்குச் சோதனை வந்தது.

லாரா என்னும் பதினான்கு வயதுப் பெண் தாயோடும், மூன்று வயதுத் தம்பி ஜாக்கோவோடும் நகரின் புறத்தே வாழ்கிறாள். தந்தை பிரிந்து போய்விட்டார்; தாய் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் பழம்பொருள்களும் பொம்மைகளும் நிறைந்த ஒரு சிறு கடைக்குள் அக்காளும் தம்பியும் நுழைகிறார்கள். கடைக்காரன் சிரித்துக்கொண்டே குழந்தையின் கையில் ஒரு முத்திரை குத்துகிறான். அதில் இருப்பது அவனுடைய முகமே. அந்த முத்திரை அழியவில்லை. குழந்தை நாளுக்கு நாள் வாடுகிறான். கடைக்காரனோ நாளுக்கு நாள் தளதளவென்று ஆகிறான். மருத்துவமனையில் நோய் இன்னதென்று தெரியவில்லை. யாரும் நம்பாத நிலையில் லாரா, தன் பள்ளியின் மாணவர் தலைவன் ஒருவனைத் தேடிப் போகிறாள். அவன் சூனியக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதை அவள் ஒருத்தியே உணர்ந்திருந்தாள். தம்பியை மீட்க ஒரே வழி, அவளும் சூனியக்காரியாக மாறுவது.

நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் பின்னட்டையைப் படித்தார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "முதல்ல நான் படிக்கிறேன்" என்றார்கள். அப்போது நாங்கள் பாதிக் கதையில் இருந்தோம். ஜாக்கோ பிழைத்தானா இல்லையா என்று தெரியாமல் பதினாறு நாள்! அந்த நாள்களில் நடந்த கணக்குத் தேர்வைப் பற்றி இங்கே எழுதாமல் விடுகிறோம்.

பதினேழாம் நாள் சிஸ்டர் எங்களை அழைத்தார்கள். திட்டவில்லை. முதலில் அந்தக் கடைக்காரன் யார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவன் 'லெமூர்' என்னும் வகை ஆவி. பழைய உரோமையர், இறந்தும் அமைதி பெறாத ஆவிகளை அப்படி அழைத்தார்கள். மே மாதம் 9, 11, 13 ஆகிய இரவுகளில் வீட்டுத் தலைவர் நள்ளிரவில் வெறுங்காலோடு எழுந்து, கறுப்பு அவரை விதைகளைத் திரும்பிப் பாராமல் பின்னால் எறிந்து ஆவிகளை அனுப்பி வைப்பாராம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை நான்காம் போனிபாஸ் உரோமையின் பாந்தியன் கோவிலை அன்னை மரியாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்ததும் ஒரு மே 13ஆம் நாளிலேதான். இன்னொன்றையும் காட்டினார்கள். கதையில் சூனியக் குடும்பத்தார் வாழும் வீட்டின் பெயர் 'யானுவா சேலி'. இலத்தீனில் 'வானக வாசல்' என்று பொருள். செபமாலை முடிவில் அன்னை மரியாவுக்கு நாம் சொல்லும் பெயர்களில் ஒன்று. படித்தபோது எங்களுக்கு அது வெறும் வீட்டுப் பெயராகவே தெரிந்தது!

பிறகுதான் வந்தது கேள்வி. "லாரா செஞ்சது சரியா, தப்பா? அஞ்சு பேரும் யோசிச்சு எழுதிட்டு வாங்க." கூடவே திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2117ஆம் எண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். பிறருடைய உடல்நலத்தை மீட்பதற்காகவே செய்தாலும் மாந்திரீகம் இறைப்பற்றுக்கு முரணானது என்று அங்கே சொல்லியிருந்தது. லாராவை நேரில் பார்த்தே எழுதியது போல இருந்தது.

எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இருவர், தவறுதான், கதையே ஆனாலும் தவறுதான் என்றார்கள். ஒருத்தி திருவிவிலியத்தைக் கொண்டு வந்தாள். சாமுவேல் முதல் நூல் 28ஆம் அதிகாரத்தில், அச்சம் மிகுந்த சவுல் அரசன் மாறுவேடத்தில் ஏன்தோரில் குறிசொல்லும் பெண்ணிடம் போகிறான். மறைநூலே இக்கதையைச் சொல்கிறதே, அதைப் படித்த யாரும் குறி கேட்கப் போகவில்லையே என்று வாதாடினாள். சவுல் தரையில் விழுந்து கிடக்கையில் அந்தப் பெண் தன் கொழுத்த கன்றை அடித்துச் சமைத்து அவனுக்கு உணவிட்டாள் என்பதும் அங்கேதான் உள்ளது. அதை நாங்கள் அதுவரை கவனித்ததில்லை.

நான்காமவள் வெகுநேரம் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல். தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. தாய் உள்ளே, இவள் வெளியே வராந்தாவில் செபமாலையோடு. அப்போது அவள் பாட்டி யாருக்கும் தெரியாமல் வெளியூர் போய் மந்திரித்த கயிறு ஒன்று வாங்கி வந்து குழந்தையின் கையில் கட்டிவிட்டார். மறைக்கல்வியின் அதே பத்தி தாயத்து அணிவதையும் கண்டிக்கிறது. "பாட்டி செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு அவங்க முகத்தை நான் பாத்தேன். லாராவோட முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள். (அவள் இசைவோடும், பாட்டியின் இசைவோடும் இதை எழுதுகிறோம். தம்பி மருத்துவர்களின் கவனிப்பால் நலம் பெற்று இப்போது நான்காம் வகுப்பில் வால்தனம் செய்துகொண்டிருக்கிறான்.)

எங்கள் விடைத்தாளில் கடைசியில் எழுதியது இதுதான். லாரா மாறிய முறை நமக்கு உரியதன்று. ஆனால் ஆசிரியர் அதோடு கதையை முடிக்கவில்லை. லாரா அந்தக் கடைக்காரனை ஏமாற்றி அவன்மேல் தன் முத்திரையைப் பதிக்கிறாள். இப்போது அவன் அவள் கையில். தம்பி பிழைத்துக்கொண்டான். பகைவனோ சிதைந்து, கெஞ்சிக்கொண்டு வருகிறான். அவனை இன்னும் கொஞ்ச நாள் துடிக்க வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றுகிறது. அது அவளுக்கு இனிக்கவும் செய்கிறது! பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இப்படித் தோன்றும் என்று எழுத மாஹிக்குத் துணிவு இருந்தது. கடைசியில் வதையை நீட்டாமல் அவனைப் போக்கிவிடுகிறாள். ஆவியைக் கண்டு எங்களுக்கு மயிர்க்கூச்செறியவில்லை; அந்த ஒரு நொடி இனிப்பைக் கண்டுதான் பயந்தோம். ஏனென்றால் அது எங்களிடமும் உண்டு. போன பருவத்தில் எங்கள் ஐவருக்குள் நடந்த சண்டையில் யார் யாரைப் பேசாமல் எத்தனை நாள் வைத்திருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

சிஸ்டர் தாளை நின்றபடியே படித்தார்கள். மதிப்பெண் போடவில்லை. நான்காமவளைப் பார்த்து, "பாட்டி இப்ப எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

'தி சேஞ்ச்ஓவர்' இப்போது நூலகத்தில் மேல் வகுப்பு மாணவியருக்கான மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. எண் ஒட்டியவர்கள் நாங்களே. வாங்குவதற்குப் பெயர் எழுதிக் காத்திருப்பவர் பதினொருவர். அவர்களுள் இருவர் ஆசிரியைகள். அதன் பிறகு 1986இல் மாஹி எழுதிய 'தி டிரிக்ஸ்டர்ஸ்' என்னும் நாவலில், நியூசிலாந்தின் கோடைகாலக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடற்கரை வீடொன்றுக்கு மூன்று அந்நியச் சகோதரர்கள் வருகிறார்களாம். அது எங்கள் பெட்டியில் இல்லை. பெற்றோரிடமோ பழைய மாணவியரிடமோ இருக்குமானால் நூலகத்திற்குக் கொடுத்து உதவ வேண்டுகிறோம். பின்னட்டையை முதலில் சிஸ்டர் படிப்பார்கள்.