வேண்டாத ஒலித்தடங்களை நீக்குதல்

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவர்க்கு ஒரே நாளில் மூன்று மொழிகள் காதில் விழுவது புதுமையன்று. சாலைக் கடைத்தெருவில் தமிழ், வகுப்பறையில் ஆங்கிலம், பேருந்தில் மலையாளம். நம் செவி இவற்றைத் தானே பிரித்துக்கொள்கிறது. ஆனால் நம் கணிப்பொறியில் கிடக்கும் திரைப்படக் கோப்புக்கு அத்திறமை இல்லை. தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என ஐந்து மொழி ஒலியையும் வயிற்றில் அடைத்துக்கொண்டு அது வந்து சேர்கிறது. சங்கத்தின் திரையிடலுக்கு விளக்கை அணைத்து, எல்லோரும் அமைதியாய் அமர்ந்த பின்னர், திரையில் தோன்றும் தமிழ்க் கதைத்தலைவர் இந்தியில் பேசத் தொடங்குகிறார். கூட்டத்தில் எழும் சிரிப்பொலிக்கு மட்டும் மொழி வேற்றுமை இல்லை.

இத்தகைய கோப்பிலிருந்து வேண்டாத ஒலியை எவ்வாறு நீக்குவது, எப்பொழுது நீக்கலாகாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். கணிப்பொறி பயிலும் நண்பர்கள் இவற்றை முன்பே அறிவர். தமிழும் வரலாறும் பொருளியலும் பயில்வோரை எண்ணியே இஃது எழுதப்படுகிறது.

முற்காலத்தில் இச்சிக்கலே எழவில்லை. மலையாளத்தின் முதற்படமாகிய 'விகதகுமாரன்' இந்நகரின் கேப்பிடல் கொட்டகையில் ஊமைப்படமாகவே ஓடிற்று. பேசும்படம் வந்தபோது ஒலியானது படச்சுருளின் ஓரத்தில் மெல்லிய கோடாக அச்சிடப்பட்டது. விளக்கொளி அக்கோட்டின் வழியே பாய்ந்து, கூடியும் குறைந்தும் மின்னோட்டமாகிப் பின்னர் ஒலிபெருக்கியை அடைந்தது. ஒரு சுருளுக்கு ஒரு மொழிதான். ஏ.வி. மெய்யப்பன் 1943இல் வெளியான கன்னட அரிச்சந்திரன் படத்திற்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944இல் வெளியிட்டபோது, தமிழ் ஊர்களுக்கெனத் தனிச் சுருள்களே போகவேண்டியிருந்தது. சுருளிலிருந்து ஒரு மொழியைக் களைந்து மற்றொன்றை நிறுத்திக்கொள்வது கொட்டகைக்காரரால் ஆகாத காரியம். இன்றோ மாணவர் ஒருவர் விடுதி அறையில் இருந்தபடியே சில நிமிடத்தில் அதனைச் செய்கிறார்.

இது எப்படி இயல்கிறது? படக்கோப்பு என்பது ஒரே பொருள் அன்று. பல பொருள்களை அடக்கிய கொள்கலன். காட்சி ஒரு தடம். ஒவ்வொரு மொழி ஒலியும் ஒவ்வொரு தடம். வசன எழுத்து வேறொரு தடம். எம்.கே.வி. என்று நாம் வழங்கும் கோப்புவகையின் முழுப்பெயர் மட்ரோஸ்கா. ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் உருசிய நாட்டு மரப்பொம்மையின் பெயரிலிருந்து அப்பெயர் அமைந்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பெற்ற அம்முறை, 2024 அக்டோபரில் இணையத் தரங்களை வகுக்கும் குழுவினரால் 9559 ஆம் எண்ணுள்ள ஆவணமாக வெளியிடப்பட்டது. எம்.பி.4 என்பதும் ஒரு கொள்கலனே.

இத்தடங்கள் செங்கல்லை அடுக்கினாற்போல ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கதம்ப மாலையை நினைத்துப் பாருங்கள். மல்லிகை ஒரு கண்ணி, மரிக்கொழுந்து ஒரு கண்ணி, கனகாம்பரம் ஒரு கண்ணி என மாறி மாறித் தொடுக்கப்பட்டிருக்கும். கோப்பிலும் அப்படியே. காட்சியில் ஒரு துண்டு, தமிழ் ஒலியில் ஒரு துண்டு, இந்தி ஒலியில் ஒரு துண்டு, மீண்டும் காட்சியில் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அஃது எந்தத் தடத்தைச் சேர்ந்தது, எந்த நொடியில் ஒலிக்கவேண்டும் என்னும் குறிப்பு உண்டு. கனகாம்பரம் வேண்டாம் என்றால் மாலையைப் பிரித்து, அப்பூவை மட்டும் விலக்கி, ஏனையவற்றை அதே வரிசையில் மறுபடி தொடுத்தால் போதும். மல்லிகையின் ஓர் இதழும் கசங்குவதில்லை. ஆதலின் படத்தின் தெளிவு சிறிதும் குறையாது. நேரக் குறிப்புகள் அப்படியே நிற்பதால் உதட்டசைவும் ஒலியும் விலகா. இதற்குப் பிடிக்கும் நேரமெல்லாம் வட்டில் படித்து எழுதும் நேரமே.

இதற்கு மாறான முறையொன்று உண்டு. காட்சி முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுருக்கி எழுதுவது அது. ஹேண்ட்பிரேக் முதலிய மென்பொருள்கள் இதனைச் செய்கின்றன. மணிக்கணக்கில் கணிப்பொறி சூடேறும். படமும் ஓரளவு மங்கும். ஒலியை நீக்குவதற்காக மட்டும் இம்முறையை மேற்கொள்வது, சட்டையில் ஒரு பொத்தானைக் கழற்றச் சட்டையையே பிரித்துத் தைப்பது போலாம்.

நீக்குவதால் எவ்வளவு இடம் மிச்சமாகும்? கணக்கு எளிது. டால்பி டிஜிட்டல் ஒலியின் உச்ச அளவு நொடிக்கு 640 கிலோபிட். இரண்டரை மணி நேரப் படத்திற்கு 9000 நொடி. பெருக்கி எட்டால் வகுத்தால் ஒரு தடத்திற்கு 72 கோடி பைட்டு, அஃதாவது 720 மெகாபைட்டு வரும். ஐந்து மொழி என்றால் 3600 மெகாபைட்டு. காட்சி 3000 மெகாபைட்டு என்று கொள்வோம். மொத்தம் 6600. இதனைப் பென்டிரைவில் ஏற்ற முயலும்போது இடம் நிறைய இருந்தும் 'கோப்பு மிகப் பெரிது' என்று கணிப்பொறி மறுக்கும். காரணம், பழைய பேட்-32 முறையில் அமைந்த பென்டிரைவில் தனிக் கோப்பு ஒன்று 4,294,967,295 பைட்டுக்கு மேற்படலாகாது. நான்கு மொழிகளை நீக்கினால் எஞ்சுவது 3720 மெகாபைட்டு, தடையின்றி ஏறும். ஆனால் ஒலி நொடிக்கு 128 கிலோபிட் அளவினதாயின் ஒரு தடம் 144 மெகாபைட்டே ஆகும். அதற்காகப் பாடுபடுவது வீண்.

இனி, செய்முறை. முதலில் நீக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வி.எல்.சி. இயக்கியில் 'ஆடியோ' என்னும் பட்டியலைத் திறந்தால் எல்லாத் தடங்களும் தோன்றும், வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம். ஒவ்வொரு முறையும் இந்தியே முதலில் வருகிறது என்பதுதான் குறையென்றால், எம்.கே.வி. டூல்நிக்ஸ் என்னும் மென்பொருளில் 'ஹெடர் எடிட்டர்' என்ற பகுதி உள்ளது. இந்தித் தடத்தின் மேலுள்ள 'இயல்பான தடம்' என்னும் குறியை எடுத்துத் தமிழ்த் தடத்தின் மேல் இட்டால் போதும். கோப்பின் தலைப்பில் மட்டுமே மாற்றம் நிகழ்வதால் ஓரிரு நொடியில் முடியும். நம் திரையிடலில் நேர்ந்த கூத்துக்கு இதுவே தக்க மருந்து.

நீக்கியே தீரவேண்டும் என்றால் அதே மென்பொருளில் 'மல்டிபிளெக்சர்' பகுதியைத் திறந்து கோப்பை அதனுள் இழுத்து விடுங்கள். தடங்கள் வரிசையாய்த் தோன்றும். வேண்டாதவற்றின் எதிரிலுள்ள குறியை எடுத்துவிட்டு, வேறு பெயரில் புதுக்கோப்பு எழுதுமாறு ஆணையிடுங்கள். மூலக்கோப்பு அப்படியே இருக்கும். வேலை அவ்வளவே.

எம்.பி.4 முதலிய பிறவகைக் கோப்புகளை அதே வகையில் நிறுத்திக்கொள்ள விரும்புவோர் எஃப்.எஃப்.எம்பெக் என்னும் கருவியை நாடலாம். 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பேப்ரிஸ் பெல்லார்டு தொடங்கியது அது. சொற்களால் ஆணையிடும் கருவியாதலின் புதியவர் சற்று மிரளுவர். அதில் மூன்று இடத்தில் வழுக்கும். 'அப்படியே படியெடு' என்னும் காப்பி ஆணையைச் சேர்க்க மறந்தால், அது காட்சியை மறுபடி சுருக்கத் தொடங்கிவிடும். அடுத்து, அது தடங்களைச் சுழியிலிருந்து எண்ணும். நாம் இரண்டாவது என்பதை அஃது 1 என்னும். மூன்றாவதே கொடியது. எந்தெந்தத் தடம் வேண்டும் என்பதை 'மேப்' ஆணையால் சொல்லாவிடில், ஒலித்தடங்களுள் ஒன்றே ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அது தேர்வதும் மொழியைப் பார்த்தன்று. ஒலிவாய்கள் மிகுதியாக உள்ள தடத்தைப் பார்த்து. இந்தி ஆறு வாய்களும் தமிழ் இரண்டு வாய்களும் உடைய கோப்பில் எஞ்சுவது எது என்று சொல்லவேண்டுவதில்லை. எனவே முதலில் 'எல்லாத் தடமும்' என்று ஆணையிட்டு, பின்னர் 'இந்த ஒன்று நீங்கலாக' என்று கழித்தலே நன்று.

நான் கூறிய எம்.கே.வி. டூல்நிக்ஸ், எஃப்.எஃப்.எம்பெக், வி.எல்.சி., ஹேண்ட்பிரேக் ஆகிய நான்கும் கட்டற்ற மென்பொருள்கள். காசு கொடுக்கவேண்டுவதில்லை, படியெடுத்து நண்பர்க்கும் தரலாம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 சூலையில் இதே திருவனந்தபுரத்தில், ரிச்சர்டு ஸ்டால்மன் வந்திருக்கத் தொடங்கப்பெற்றது என்பதை நம்மிற் பலர் அறியார். கருவியைப் படியெடுத்துத் தரும் உரிமை வேறு, பிறர் படத்தைப் படியெடுத்துத் தருவது வேறு என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

நிற்க. எந்தத் தடம் எந்த மொழி என்று எப்படித் தெரியும்? தடத்தின் மேல் மொழிக்குறி இருக்கும் என்பர். அக்குறியை நான் நம்புவதில்லை. மட்ரோஸ்கா விதிப்படி ஒரு தடத்தில் மொழி குறிக்கப்படாவிடின் அது ஆங்கிலம் என்றே கொள்ளப்படும். ஆகவே கோப்பை ஆக்கியவர் சோம்பியிருந்தால், கலப்பற்ற நெல்லைத் தமிழும் ஆங்கிலம் என்னும் பெயரோடு பட்டியலில் நிற்கும். 'ஆங்கிலம் நமக்கெதற்கு' என்று நீக்கினால் தமிழ் போய்விடும். குறியைப் படிக்காதீர்கள், தடத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு நிமிடம் கேட்டால் போதாது. நடுவிலும் இறுதியிலும் கேட்கவேண்டும்.

இந்த இறுதி வாக்கியத்தை நான் விலைகொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் தென்குமரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கொடை விழாவில் வில்லுப்பாட்டு ஒன்றைப் பதிவு செய்தோம். கோப்பில் இரு தடங்கள். ஒன்று ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து கம்பிவழி வந்தது, தெளிவானது. மற்றொன்று காமிராவின் சொந்த ஒலிவாங்கியில் விழுந்தது; குழந்தைகளின் அழுகை, வெடிச்சத்தம், பக்கத்துக் கடைக்காரரின் கூவல் எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவது வேண்டாத ஒலி என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. தொடக்கத்தைக் கேட்டேன், முதல் தடம் மணிபோல் இருந்தது. இரண்டாவதை நீக்கிப் புதுக்கோப்பு எழுதி, இடம் போதாமையால் மூலத்தையும் அழித்தேன்.

ஒரு திங்கள் கழித்துப் பாட்டை எழுத்தில் பெயர்க்க உட்கார்ந்தேன். நள்ளிரவுக்குப் பின், கதையின் உச்சியில், அண்ணாவியின் குரல் திடீரென அறுந்தது. அவர் முன்னிருந்த ஒலிவாங்கியின் கம்பி கழன்றிருக்கிறது. பின்பாட்டுக்காரரின் குரலும் உடுக்கையும் கேட்கின்றன. அவர் பாடும் அடிகள் இல்லை. பதினெட்டு நிமிடம். காட்சியில் அவர் வாய் அசைகிறது, வீசுகோல் வில்லின் மேல் விழுகிறது, கூட்டத்திலிருந்த கிழவி ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள். குழந்தை அழுகையோடும் வெடிச்சத்தத்தோடும் அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் அழித்த தடத்தில் இருந்திருக்கும். மீண்டும் அவ்வூருக்குப் போனபோது அண்ணாவி படுக்கையில் இருந்தார். பாடும் நிலையில் இல்லை. மகனார் தமக்குத் தெரிந்த அளவில் சொன்னார். தந்தையார் ஒவ்வொரு கொடையிலும் அவ்விடத்தை மாற்றி மாற்றிப் பாடுவார் என்றும் அவரே சொன்னார்.

ஆதலால் கள ஆய்வுக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கடையில் வாங்கிய படத்தில் எத்தனை தடத்தை வேண்டுமானாலும் நீக்குங்கள். தவறினால் இன்னொரு படி கிடைக்கும். நாமே எடுத்த பதிவில் இரண்டு தடங்களையும் முழுதும் கேட்டு முடிக்கும்வரை எதனையும் நீக்கலாகாது. இடம் நெருக்கினால் காட்சியைச் சுருக்கிக்கொள்ளலாம், ஒலி இருக்கட்டும். பிறர்க்குக் காட்டத் தெளிவான தடம் மட்டும் போதுமென்றால் அதற்கெனத் தனிப்படி எழுதி, மூலத்தை வேறொரு வட்டில் வையுங்கள்.

நான் இப்பொழுது பதிவு செய்யும் கோப்புகளில் தடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைக்கிறேன். எம்.கே.வி. டூல்நிக்ஸின் பலகத்தில் மொழிக்குறிக்கு அருகிலேயே அதற்கொரு கட்டம் உண்டு. தமிழ் எழுத்திலேயே எழுதலாம். 'மிக்சர், அண்ணாவி' என்று ஒன்று. 'காமிரா, கூட்டம்' என்று மற்றொன்று.